சிரிப்பு யார் பக்கம்?

நீதிமன்றம். உயரத்திலே நீதிபதி. பக்கத்திலே சட்டம் பயின்ற வழக்கறிஞர்கள். எதிரே நிற்கிறான் குற்றம் சுமத்தப்பட்டவன். இடுப்பிலே நில்லாமல் நழுவும் கால்சட்டை, தோளிலே ஒரு கந்தல், உதட்டின் இரு ஓரங்களிலே மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் மீசை. பாபியைக் கொன்றது நீதானா என்று கேட்கின்றனர். நான்தான் என்கிறான், ஒளிவு மறைவின்றி. மன்றம் திகைக்கிறது! அவன் கொன்றது வெறிநாய் ஒன்றை. அவர்கள் கேட்பதோ அதே பெயர் கொண்ட மனிதனை. ஏழையின் பேச்சு மன்றத்துக்கு விளங்கவில்லை. மன்றத்தின் பேச்சு ஏழைக்கு விளங்கவில்லை. உண்மைக் கொலையாளி வெளிப்பட்டு அவன் விடுதலை பெறுகிறான். அதற்குள் ஒரு விந்தை நிகழ்ந்துவிடுகிறது. அவனுடைய குழறல் நீதிபதியையும் வழக்கறிஞரையும் தொற்றிக்கொள்கிறது. சட்டத்தின் காவலர்களே தலையும் வாலுமற்ற சொற்களை உதிர்க்கத் தொடங்குகின்றனர்! கொட்டகை குலுங்கச் சிரிக்கிறது.

இந்தக் காட்சி திரைக்கு வந்தது 1940இல், மெக்சிகோ நாட்டிலே. 'சங்கதி அங்கேதான் இருக்கிறது' என்பது அந்த ஸ்பானிய மொழிப் படத்தின் பெயருக்குப் பொருள். குற்றம் சுமத்தப்பட்டவனாக நடித்தவர் மாரியோ மொரேனோ. கான்டின்ஃப்ளாஸ் என்றால்தான் உலகுக்குத் தெரியும்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1952இல், தமிழ்த் திரையிலும் ஒரு நீதிமன்றம் எழுந்தது. 'பராசக்தி'யின் குணசேகரன் அங்கே நின்றான். கலைஞர் தீட்டிய உரையாடல், குற்றவாளியையே குற்றம் சாட்டுபவனாக ஆக்கிற்று. மெக்சிகோவின் ஏழை மொழியை உடைத்துக் காட்டினான். நம் குணசேகரன் மொழியைக் கூர்தீட்டிக் காட்டினான். முறை வேறு, நாடு வேறு. ஆனால் இருவரும் நின்ற இடம் ஒன்று. இருவரும் உலுக்கிய பீடமும் ஒன்று. ஆகவேதான் அந்தத் தொலைதூரத்து நாட்டின் சிரிப்பு வரலாறும் அழுகை வரலாறும் நமக்கு அயலானவை அல்ல என்கிறோம்.

கலை ஓர் ஆயுதம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். ஆயினும், ஆயுதம் கை மாறும் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? நேற்று நம் கையிலிருந்த வாள் இன்று எதிரியின் வீட்டுச் சுவரிலே அலங்காரமாகத் தொங்கக்கூடும் அல்லவா? மெக்சிகோ கூறும் பாடம் அதுதான். கேட்போம்.

1910இல் அங்கே புரட்சி வெடித்தது. பண்ணையார்களின் பிடியிலே சிக்கிக் கிடந்த உழவர்கள் துப்பாக்கி ஏந்தினர். 1917இல் புதிய அரசியல் சட்டம் பிறந்தது. கல்வி மதச்சார்பற்றதாக இருக்கவேண்டும் என்று அதன் மூன்றாம் விதி முழங்கிற்று. திருச்சபையின் கொட்டத்தை ஒடுக்கிற்று. ஆனால் சட்டப் புத்தகத்திலே புரட்சி வென்றதே தவிர, குடிசையிலே பசி தோற்கவில்லை. பிழைப்புத் தேடி நாட்டுப்புறத்து மக்கள் தலைநகருக்கு ஓடி வந்தனர். அவர்கள் குவிந்த சேரிகளிலே கூடாரக் கொட்டகைகள் முளைத்தன. மலிவான கட்டணம், ஆட்டம், பாட்டு, கேலி. அரசியல்வாதியைக் கிண்டல் செய்தால் கைதட்டல். சிரிப்பு மூட்டாதவனுக்கு வசைமாரி. அந்தக் கூடாரத்திலே உருவானவர்தான் 1911இல் பிறந்த மாரியோ மொரேனோ.

அவர் கண்டுபிடித்தது என்ன? பேசிக்கொண்டே இருப்பது, எதையும் சொல்லாமல் இருப்பது! சொற்கள் சொற்களைத் துரத்தும். வாக்கியம் தொடங்கும், முடியாது. கேட்பவன் மூச்சுத் திணறுவான். வெறும் உளறலா அது? அல்ல. மேடையேறி மணிக்கணக்கிலே பேசிப் பொருளற்ற வாக்குறுதிகளை அள்ளி வீசிய அரசியல்வாதியின் பேச்சையே ஏழையொருவன் எதிரொலித்தான். கண்ணாடியிலே தங்கள் முகத்தைக் கண்ட பெரியவர்கள் நெளிந்தனர். 1937இல் லொம்பார்தோ தொலெதானோ என்ற தொழிற்சங்கத் தலைவர், தம் எதிரியான மொரோனெஸ் என்பவருக்கு வாதத் திறமையைக் காட்டும் ஆசையிருந்தால் கான்டின்ஃப்ளாசோடு வாதாடட்டும் என்று ஏளனம் செய்தார். கூடாரத்துக் கோமாளி நாட்டு அரசியலின் அளவுகோலாகிவிட்டான்! பிற்காலத்திலே, 1992இல், அவர் பெயரிலிருந்து பிறந்த வினைச்சொல்லை ஸ்பானிய மொழிக் கழகம் தன் அகராதியிலே ஏற்றுக்கொண்டது. நிறையப் பேசி ஒன்றும் சொல்லாதிருத்தல் என்பது அதன் பொருள். எத்தனை நாடுகளின் மேடைகளுக்குப் பொருந்தக்கூடிய சொல்!

பிறகு என்ன நடந்தது? புகழ் வந்தது; பணம் வந்தது; ஹாலிவுட் அழைத்தது. 1956இல் வெளிவந்த 'எண்பது நாட்களில் உலகத்தைச் சுற்றி' படத்திலே வேலைக்காரனாக நடித்து உலகப் புகழ் கொண்டார். கந்தல் மெல்ல மெல்ல நழுவிற்று. சீருடையும் அங்கியும் ஏறின. சட்டமன்ற வேட்பாளராக, பாதிரியாராக, வெளிநாட்டுத் தூதராக நடித்தார். 1967இல் வந்த 'மேன்மை தங்கியவர்' படத்தின் முடிவிலே, உலகத் தலைவர்கள் அமர்ந்த அவையிலே நின்று நீண்டதொரு அறவுரை ஆற்றினார். தெளிவான பேச்சு, நல்ல கருத்து, ஆனால் அந்தப் பழைய குழறல் எங்கே? பீடத்திலிருப்போரைக் குழற வைத்தவன், பீடத்திலேறி உபதேசம் செய்யத் தொடங்கிவிட்டான்!

அவர் கெட்டவரானார் என்று நாம் கூறவில்லை. ஏழைகளுக்கு வாரி வழங்கினார். நடிகர் சங்கத்துக்காகப் பாடுபட்டார். 1993இல் அவர் மறைந்தபோது மெக்சிகோ கண்ணீர் வடித்தது. ஆயினும் வழங்குவது வேறு, உலுக்குவது வேறு. ஆதிக்கத்திலிருப்போர், தம்மைப் பார்த்துச் சிரிக்கும் கலைஞனை அடித்து ஒடுக்குவது ஒரு வழி. அணைத்து ஒடுக்குவது மற்றொரு வழி. அடிக்கு அஞ்சாதவரும் அணைப்புக்கு இணங்கிவிடுகின்றனர்.

அடித்து ஒடுக்கிய கதைகளும் உண்டு. புரட்சியின் பெயரால் 1929இல் பிறந்த ஆளுங்கட்சி, இருமுறை பெயரை மாற்றிக்கொண்டு, 2000ஆம் ஆண்டு வரையில் அசையாமல் அரசாண்டது. எழுபத்தொரு ஆண்டுகள்! புரட்சியைப் புகழ்ந்து படமெடுத்தால் பாராட்டு. புரட்சிக்குப் பிறகு ஏழை எப்படியிருக்கிறான் என்று காட்டினால் கடுகடுப்பு. 1950இல் லூயிஸ் புனுவெல் 'மறக்கப்பட்டவர்கள்' என்ற படத்தை எடுத்தார். தலைநகரின் சேரிச் சிறுவர்களின் கதை. ஏழை என்றால் சாந்தமே உருவானவன் என்ற பொய் அதிலே இல்லை. பசி மனிதனை என்ன செய்கிறது என்பதை மூடி மறைக்காமல் காட்டிற்று. நாட்டை அவமதித்துவிட்டான் என்று கூக்குரலிட்டனர். சில நாட்களிலேயே படம் கொட்டகையை விட்டு வெளியேறிற்று. மறு ஆண்டு, பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவிலே சிறந்த இயக்குநருக்கான பரிசு கிடைத்தது. உடனே உள்ளூர்க் கொட்டகைகளின் கதவு மீண்டும் திறந்தது! வெள்ளைக்காரன் கைதட்டினால்தான் வீட்டுப் பிள்ளை அழகு என்று அறியும் மனப்பான்மை, மெக்சிகோவுக்கு மட்டும் உரியதா?

அதைவிடக் கொடுமை 1960இல் ஹூலியோ பிராச்சோ எடுத்த 'தலைவனின் நிழல்' படத்துக்கு நேர்ந்தது. புரட்சித் தளபதிகள் பதவிக்காக ஒருவரையொருவர் வீழ்த்திய கதை அது. படைத்துறையினர் சினந்தனர்; படம் பெட்டிக்குள் உறங்கிற்று. 1990இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. முப்பது ஆண்டுகள்! அந்தப் படம் பிறந்தபோது பிறந்த குழந்தை, தானே பெற்றோராகும் வயதை எட்டிவிட்டது.

1999இல் லூயிஸ் எஸ்திராதா 'ஏரோதின் சட்டம்' என்ற நகைச்சுவைப் படத்தை எடுத்தார். குப்பைமேட்டைக் கண்காணித்த ஒரு சாதாரணக் கட்சிக்காரனைச் சிற்றூருக்குத் தலைவனாக அனுப்புகின்றனர். ஒரு கையிலே அரசியல் சட்டப் புத்தகம். மறு கையிலே கைத்துப்பாக்கி. நல்லவனாகப் போனவன் கொள்ளைக்காரனாகிறான். ஊர்ப் பாதிரியாரோ பாவமன்னிப்புக்கும் பணம் கேட்கிறார். ஆளுங்கட்சியின் பெயரையே வெளிப்படையாகச் சொல்லிச் சிரித்தது அந்தப் படம். அதன் தயாரிப்பிலே பங்கு கொண்ட அரசுத் திரைப்பட நிறுவனமே வெளியீட்டை முடக்கப் பார்த்தது; எதிர்ப்பு எழவே விட்டுக்கொடுத்தது. 2000ஆம் ஆண்டிலே படம் நாடெங்கும் ஓடிற்று. அதே ஆண்டிலே கட்சியும் குடியரசுத் தலைவர் பதவியை இழந்தது. படத்தால்தான் தோற்றது என்று நாம் கணக்குப் போடவில்லை. மக்கள் அச்சமின்றிச் சிரிக்கத் தொடங்கிய காலமும், அச்சமின்றி வாக்களித்த காலமும் ஒன்றாக இருந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

இனி வீட்டுக்குள்ளே வந்த திரையைப் பார்ப்போம். மெக்சிகோவின் முதல் தொலைக்காட்சி நிலையம் 1950 செப்டம்பர் 1ஆம் நாள் ஒளிபரப்பியது எதை? குடியரசுத் தலைவர் மிகேல் அலெமான் நாட்டுக்கு ஆற்றிய ஆண்டறிக்கையை! பிறந்த அன்றே குழந்தை யாருடைய குரலிலே பேசிற்று, பார்த்தீர்களா? 1958இல் முதல் தொடர் நாடகம் வந்தது. அதன் செலவை ஏற்றது பற்பசையும் சோப்பும் விற்கும் அமெரிக்க நிறுவனம். 1979இல் 'பணக்காரர்களும் அழுவர்' என்ற தொடர் வந்து, பின்னர் கடல் கடந்து பல நாடுகளை ஆண்டது. தலைப்பைப் பாருங்கள்! ஏழை அழுதால் அது அன்றாட நிகழ்ச்சி. பணக்காரர் அழுதால் அது நாடகம். ஏழைப்பெண் செல்வன் வீட்டு மருமகளானால் துன்பம் தீர்ந்தது என்று கோடிக்கணக்கான ஏழைப்பெண்களுக்கு மாலைதோறும் தாலாட்டு!

அந்தத் தொலைக்காட்சிப் பேரரசின் அதிபர் அஸ்கர்ராகா, 1993இல் தம் கொள்கையை ஒளிக்காமல் கூறினார். மெக்சிகோ எளிய, நலிந்த மக்களின் நாடு. அவர்கள் அந்த நிலையிலிருந்து மீளப் போவதில்லை. அவர்களுக்குக் களிப்பூட்டித் துயர நினைவை மறக்கச் செய்வதே தொலைக்காட்சியின் கடமை என்பது அவர் கூற்றின் சாரம். ஏழை என்றும் ஏழையே என்று தலையிலே எழுதிவைத்த பழைய வைதிகம், புதிய பெட்டிக்குள்ளிருந்து பேசுகிறது!

அதே பேரரசின் நிழலிலேதான், 'செஸ்பிரிட்டோ' என்று அழைக்கப்பட்ட ரொபெர்த்தோ கோமெஸ் பொலான்யோஸ் 1970களிலே 'எல் சாவோ' என்ற சிறுவனைப் படைத்தார். குட்டி ஷேக்ஸ்பியர் என்று பொருள்பட இயக்குநர் ஒருவர் சூட்டிய பெயர் அவருடையது. எல் சாவோ பெற்றோரற்றவன், பீப்பாய்க்குள் ஒளிந்துகொள்பவன், இறைச்சி வைத்த ரொட்டி ஒன்றுக்காக ஏங்குபவன். அண்டை வீட்டுக்காரர் பதினான்கு மாத வாடகை பாக்கி வைத்திருப்பவர். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிய நாடுகளும், மொழிமாற்றத்தால் பிரேசிலும், அந்தப் பசியைப் பார்த்துச் சிரித்தன. அந்தச் சிரிப்பிலே பாசம் உண்டு, நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுவன் கடைசி வரையில் பசித்தே இருந்தான். வாடகை கடைசி வரையில் பாக்கியாகவே இருந்தது. ஏன் என்று கேட்க அந்தச் சிரிப்பு எவரையும் தூண்டவில்லை.

அப்படியானால் பெட்டியை உடைத்தெறிவதா? அவசரப்பட வேண்டாம். அதே நிறுவனத்துக்குள்ளிருந்து மிகேல் சாபிதோ என்ற நாடகக் கலைஞர் வேறொரு வழியைத் திறந்தார். 1969இல் பெரு நாட்டிலே வந்த ஒரு தொடரிலே, தையல் பொறியால் முன்னேறிய பணிப்பெண்ணைக் கண்டு பெண்கள் தையல் வகுப்புகளுக்கு விரைந்ததை அவர் கவனித்தார். சோப்பை விற்கும் கண்ணீர், எழுத்தறிவை விற்காதா என்று எண்ணினார். 1975 நவம்பரில் 'என்னோடு வா' என்ற தொடர் தொடங்கிற்று. முதியோர் கல்வி வகுப்புக்கு வரும் எளிய மக்களின் கதை. அதிலே மூவகை மாந்தர்: படிப்பைப் போற்றுபவர், பழிப்பவர், இரண்டுக்கும் நடுவே தயங்குபவர். பார்ப்பவன் தன்னைக் காண்பது அந்தத் தயங்குபவனிடத்திலே. அவன் ஓரடி எடுத்து வைத்தால், இவனும் எடுத்து வைக்கிறான்.

முதியவர் ஒருவர் எழுத்துக் கற்று, தம் அன்புப் பேத்தியின் கடிதங்களை முதன்முறையாகத் தாமே படிக்கும் காட்சி வந்தது. பாட நூல்களை இலவசமாகப் பெறக்கூடிய இடத்தையும் தொடரிலே அறிவித்தனர். மறுநாள் 25,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த இடத்துக்குத் திரண்டனர்; மெக்சிகோ நகரத்துப் போக்குவரத்து பல மணி நேரம் திணறியது. முந்திய ஆண்டிலே முதியோர் கல்விக்குப் பெயர் பதிந்தவர் ஒரு லட்சத்தை எட்டவில்லை. தொடர் நடந்த காலத்திலே ஏறக்குறைய 8,40,000 பேர் என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். 1977இல் குடும்ப நலத் திட்டத்தை வலியுறுத்தி அவர் எடுத்த அடுத்த தொடரின் காலத்திலே, மருத்துவ நிலையங்களை நாடிய பெண்கள் தொகையும் பெருகிற்று. அந்த வெற்றி கண்டுதான் 1984இல் இந்திய அரசும் 'ஹம் லோக்' என்ற தொடரைத் தொடங்கிற்று. மெக்சிகோவிலே மக்களின் மொழியிலே பேசிய கருவி, டில்லிக்கு வந்ததும் இந்தி ஒன்றிலே மட்டும் பேசிற்று என்பதைச் சொல்லாமல் விட நம்மால் முடியவில்லை.

இங்கே ஒரு கணக்கை மறைக்கக்கூடாது. தொடர் முடிந்த மறு ஆண்டிலே, பதிந்தவர் தொகை ஏறக்குறைய 4,00,000 ஆகக் குறைந்தது. முன்பைவிட நான்கு மடங்கு அதிகம்தான், ஆனாலும் பாதியாகிவிட்டது. திரை அழைக்கும், அமர்த்திக் கற்பிக்காது. கரும்பலகை முன் நாள்தோறும் நிற்கும் நமக்கு இது புதுமையன்று. முதல் நாள் ஆர்வத்தோடு வந்தவன் நாற்பதாம் நாளும் வரவேண்டுமானால், விளக்கு வேண்டும், ஆசிரியர் வேண்டும், வராதவன் வீட்டுக்கு நடந்து செல்லும் கால்கள் வேண்டும். கலை கதவைத் தட்டலாம். உள்ளே அழைத்து உட்கார வைக்க இயக்கம் வேண்டும்.

மற்றொரு வடுவையும் காட்டியாக வேண்டும். மெக்சிகோவின் மண்ணின் மைந்தர் பழங்குடி மக்கள். அவர்களுடைய மொழிகளிலே 68ஐ அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. திரையிலே அவர்கள் எங்கே? 1944இல் வெளிவந்து கான் விழாவிலே பரிசு பெற்ற 'மரியா கந்தெலாரியா'விலே பழங்குடிப் பெண்ணாக நடித்தவர், செல்வக் குடியிலே பிறந்த வெண்ணிற நட்சத்திரமான தொலோரெஸ் தெல் ரியோ. 1970களிலே மரியா எலேனா வெலாஸ்கோ என்பவர் பின்னல் சடையும் வண்ண உடையும் அணிந்து 'இந்தியா மரியா' என்ற பழங்குடிப் பெண்ணாக வந்து சிரிக்க வைத்தார். சூழ்ச்சிக்காரரை வென்றவள்தான் அவள். ஆயினும் கொட்டகை அவளோடு சேர்ந்து சிரித்ததா, அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

2018இல் அல்போன்சோ குவாரோன் 'ரோமா' என்ற படத்தை எடுத்தார். வீட்டுப் பணிப்பெண்ணாக நடித்தவர் யாலித்சா அப்பாரிசியோ. பழங்குடிக் குடும்பத்துப் பெண். மழலையர் பள்ளி ஆசிரியையாகப் பயின்றவர். அதற்கு முன் நடித்தறியாதவர். மிக்ஸ்டெக் மொழி உலகத் திரைகளிலே ஒலித்தது. ஆஸ்கர் பரிசுக்கான சிறந்த நடிகையர் வரிசையிலே அவர் பெயர் இடம்பெற்றது. கொண்டாடினார்களா எல்லோரும்? தொலைக்காட்சித் தொடர் நடிகர் ஒருவர், அவருடைய பிறப்பைச் சொல்லி இழித்துப் பேசியது 2019இல் வெளிப்பட்டது. பிறகு மன்னிப்பும் கேட்டார். பணிப்பெண் வேடத்தைப் பொறுக்கும் நெஞ்சம், பணிப்பெண் இனத்தவள் பரிசு மேடையேறுவதைப் பொறுக்கவில்லை! பிறப்பால் தாழ்வு கற்பிக்கும் கொடுமையை அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையா?

ஆக, மெக்சிகோ கூறுவது என்ன? சிரிப்பு தன்னளவிலே முற்போக்கும் அன்று, பிற்போக்கும் அன்று. அது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, யாருக்காகச் சிரிக்கிறது என்பதே கேள்வி. நம் நாட்டிலே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் மடமையைப் பார்த்துச் சிரித்தார். மடமையில் சிக்கிய மனிதனைப் பார்த்து அல்ல. அந்தக் கோட்டை மறந்த நாள்முதல், கறுப்பு நிறத்தையும் கைம்பெண்ணையும் ஊமையையும் பார்த்துச் சிரிக்கும் கூட்டமாகிவிடுவோம். நாடகத்தாலும் திரையாலும் வளர்ந்த இயக்கத்தின் வழிவந்தோர், ஆட்சியிலே இருப்பினும் இல்லாவிடினும், தம்மைப் பார்த்துச் சிரிப்பவனையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம்மைப் புகழும் படத்துக்குக் கைதட்டி, நம் குறை சொல்லும் படத்தைப் பெட்டிக்குள் பூட்டினால், எழுபத்தொரு ஆண்டு அரசாண்ட அந்தக் கட்சிக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

தோழர்களே! அடுத்த முறை ஒரு நாடகம் முடிந்து திரை விழும்போது, மேடையைப் பார்க்காதீர்கள். எழுந்து செல்லும் மக்களைப் பாருங்கள். எங்கே நடக்கின்றனர்? கண்ணைத் துடைத்துக்கொண்டு உறங்கப் போகின்றனரா? அல்லது அன்று மெக்சிகோ நகரத்திலே, தெருக்களை அடைத்துக்கொண்டு, ஒரு பாட நூலுக்காகக் கை நீட்டி நின்றார்களே எழுத்தறியாத 25,000 பேர், அவர்களைப்போல நடக்கின்றனரா? அப்படி நடந்து வருவோரை எதிர்கொண்டு அழைக்க, எழுதுபலகையோடு நாம் வாயிலிலே நிற்கிறோமா?